செவலையையும் கூட்டிக்கொண்டு ஒரு ராத்திரி ஊர்ப்பக்கம் தங்க எங்கே போகலாம்?

வியாசை தினா:
வணக்கம். வியாசர்பாடியில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கூடவே செவலை. நாட்டு நாய், நான்கு வயது. ஜீவா ரயில் ஸ்டேஷன் படிக்கட்டு ஓரம் குட்டியாகக் கிடந்தவன். காலையில் ஒரு நடை, ராத்திரி ஒரு நடை; மற்ற நேரமெல்லாம் பால்கனிக் கம்பியில் மூக்கை வைத்து லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் நண்பனுக்கு ரொம்ப நாள் கழித்து சனி, ஞாயிறு இரண்டும் சேர்ந்து லீவு வருகிறது. மூன்று பேருமாக எங்காவது வயல்பக்கம் போய் ஒரு ராத்திரி தங்கிவர ஆசை. பழவேற்காடு சரிப்படுமா? கும்மிடிப்பூண்டி ரயிலில் நாயை ஏற்றலாமா?

கொருக்குப்பேட்டை மூர்த்தி:
மின்சார ரயில் வேண்டாம் தம்பி. ரயிலில் நாய்க்கு இடம் என்றால் முதல் வகுப்பு ஏசி கூபே எனும் தனி அறை, இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டு. நீங்கள் சொல்லும் வண்டியில் இரண்டும் கிடையாது. கார் ஏற்பாடு செய்யுங்கள். டாக்ஸி என்றால் நாய் வருகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பழவேற்காடு நல்ல ஊர்தான். 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய இடம், அவர்களுடைய கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் பனிக்காலத்தில் ஏரியில் பூநாரைகள் இறங்கி மேயும். அந்த நேரத்தில் நாயைக் கரையில் விடுவது பறவைகளுக்குச் செய்யும் பாவம்.

தண்டையார்பேட்டை சாந்தி:
தினா, நான் போன தை மாதம் என் நாய் மணியைக் கூட்டிக்கொண்டு பெரியபாளையம் பக்கம் போய்வந்தேன். கல்லூரியில் ஒன்றாகப் படித்த தோழியுடைய ஆயா வீடு அங்கே. செங்குன்றம், காரனோடை தாண்டி ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் இடதுபக்கம் திரும்பினால் நேர் பாதை. ஆடி பிறந்துவிட்டால் பல வாரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகாதீர்கள். பவானி அம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் வண்டி நகராது, நாயும் மிரண்டுவிடும்.

நான் ஒன்றுதான் சொல்வேன்: சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். பூண்டி ஏரி, கோயில், கோட்டை என்று பட்டியல் போட்டால் இரண்டு நாளும் நாய்க்கு வண்டிக்குள்ளேயே போய்விடும். தெரிந்தவர் நிலம் ஒன்றைப் பிடித்து, அங்கேயே கிடந்துவிட்டு வாருங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். பம்புசெட் ஓடும்போது தொட்டியில் விழும் தண்ணீரை மணி முதலில் குரைத்துப் பார்த்தான். அப்புறம் ஒரு காலை வைத்தான், எடுத்தான். மூன்றாவது தடவை உள்ளேயே இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை. தோழி வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் படுத்தவள், சாயங்காலம் ஆயா கேழ்வரகு அடையோடு வந்து எழுப்பும்வரை தூங்கினாள். அவளும் அப்படித் தூங்கி வருஷக்கணக்காயிற்று.

ஆனால் ஒரு தப்புச் செய்தேன், அதை நீங்கள் செய்யாதீர்கள். உண்ணிக்கு மருந்து போடாமல் போய்விட்டேன். வரப்பில் ஆடு, மாடு மேய்கிற புல்லில் உண்ணி நிறைய. திரும்பி வந்து இரண்டு வாரத்தில் மணி சாப்பாட்டைத் தொடவில்லை. ஈறு வெளுத்துப்போய், உடம்பு அனலாகக் கொதித்தது. ரத்தம் எடுத்துப் பார்த்து உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டர். நான்கு வாரம் மாத்திரை. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் காட்டி, எடைக்குத் தகுந்த மருந்து போடுங்கள். கழுத்தில் விடும் சொட்டு மருந்து என்றால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. தினமும் இரண்டு வேளை காதுக்குள், விரலிடுக்கில், அக்குளில் தடவிப் பாருங்கள். உண்ணி கையில் பட்டால் நசுக்கவோ, மண்ணெண்ணெய் ஊற்றவோ வேண்டாம். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுத்தால் தலையோடு வந்துவிடும்.

வயலில் தேங்கின தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், எலிக் காய்ச்சல் வரும். ரேபிஸ் ஊசியோடு எலிக் காய்ச்சலுக்கான தடுப்பூசியும் இந்த வருஷம் போட்டாயிற்றா என்று பாருங்கள்.

வியாசை தினா:
ரொம்ப நன்றி அக்கா. ஊசி இரண்டும் சித்திரையில் போட்டது. நண்பனுடைய பெரியப்பாவுக்கு ஊத்துக்கோட்டை பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறதாம், இப்போதுதான் சொன்னான். அங்கே ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது. சண்டை வருமா?

தண்டையார்பேட்டை சாந்தி:
வாசலில் வைத்துச் சந்திக்க விடாதீர்கள், அது அந்த நாயுடைய இடம். வீட்டுக்கு வெளியே ரோட்டில் இரண்டையும் பெல்ட்டோடு பிடித்து, நடுவில் இடைவெளி விட்டு ஒரே பக்கமாகக் கொஞ்ச தூரம் நடங்கள். அப்புறம் சேர்ந்தே உள்ளே போங்கள். சாப்பாடு தனித்தனி இடத்தில். அப்புறம் செவலை தினமும் படுக்கிற சாக்கைத் துவைக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள். லாரிச் சத்தம் இல்லாத ராத்திரி அவனுக்குப் புதுசு. மணி பாதி ராத்திரிவரை தவளைச் சத்தத்துக்கெல்லாம் எழுந்து நின்றான். தோழியின் கட்டிலுக்கு அடியில் அவனுடைய சாக்கை விரித்த பிறகுதான் படுத்தான்.