ரசீதுப் பணியின் முன்னேற்றப் பட்டை 0-இல் நின்று, முடிவில் ஒரேயடியாக 100 ஆவது ஏன்?

கேள்வி (காரைக்குடி)
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நகரச் சிவன் கோயிலின் புள்ளிவரிக்கென்று (புள்ளி என்பது மணமான ஒரு குடும்பம்; அது கோயிலுக்குச் செலுத்துவது புள்ளிவரி) பிஎச்பி, மைஎஸ்கியூஎல் கொண்டு ஒரு வலைச் செயலி எழுதியிருக்கிறேன். ஏறத்தாழ 1,800 புள்ளிகளுக்கும் பிடிஎஃப் ரசீது உருவாக்கி, சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் குடும்பங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்ப நான்கு நிமிடம் பிடிக்கிறது. சென்ற முறை 60 விநாடியில் வலைச் சேவையகமான என்ஜின்எக்ஸ், உரிய நேரத்தில் விடை வரவில்லை என்னும் 504 பிழையைக் காட்டியதால், பணி நடக்கவில்லை என்று எண்ணிக் கணக்குப்பிள்ளை ஐயா பொத்தானை மறுபடியும் அழுத்த, பலருக்கு இரண்டு ரசீது எண்கள் விழுந்துவிட்டன. முதியவரான அவர் ஒவ்வொன்றையும் பேரேட்டோடு ஒப்பிட்டு அடித்துத் திருத்தியதைப் பார்த்து மிகவும் வருந்தினேன். இப்போது காத்திருப்பு வரம்பை 10 நிமிடமாக்கி, முடிந்த ரசீதுகளின் எண்ணிக்கையை ஓர் அட்டவணையில் எழுதி, உலாவி அதை இரண்டு விநாடிக்கு ஒருமுறை கேட்கும்படி செய்திருக்கிறேன். ஆயினும் பட்டை நகராமல் நின்று, எல்லாம் முடிந்தபின் 100-க்குத் தாவுகிறது. தவறு எங்கே?

மறுமொழி 1 (தேவகோட்டை)
உலாவியின் நெட்வொர்க் பலகத்தைத் திறந்து, நிலையைக் கேட்கும் கோரிக்கைகள் என்ன ஆகின்றன என்று முதலில் பாருங்கள். அவை விடை பெறாமல் காத்துக்கிடந்தால் செஷனின், அதாவது உள்நுழைந்த பயனரைப் பற்றிய பதிவின், பூட்டே காரணம். பிஎச்பி இயல்பாகச் செஷனைக் கோப்பில் வைத்து, செஷன் தொடங்கிய கணத்திலிருந்து நிரல் முடியும்வரை அந்தக் கோப்பைப் பூட்டி வைத்திருக்கும். ரசீது தயாரிக்கும் கோரிக்கையும் நிலை கேட்கும் கோரிக்கையும் ஒரே பயனருடையவை என்பதால், முன்னது முடியும்வரை பின்னது வாசலிலேயே நிற்கிறது. பயனர் யார் என்பதைப் படித்த உடனே ‘செஷன்_ரைட்_குளோஸ்’ அழைத்துப் பூட்டை விடுவியுங்கள். அதன்பின் செஷனில் எழுதுவது சேமிக்கப்படாது.

விடை உடனுக்குடன் வந்தும் 0 என்றே இருந்தால், ரசீதுகளையும் முன்னேற்ற எண்ணையும் ஒரே டிரான்சாக்சனுக்குள் (ஒன்றாகவே பதிவாகும் மாற்றங்களின் தொகுதி) எழுதுகிறீர்கள் என்று எண்ணுகிறேன். கமிட் ஆகும்வரை, அதாவது மாற்றங்கள் உறுதியாகப் பதியும்வரை, அந்த எண் வேறு இணைப்புக்குத் தெரியாது. 50 ரசீதுக்கு ஒருமுறை கமிட் செய்யுங்கள்; நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மறுமொழி 2 (கண்டனூர்)
வரம்பை உயர்த்தியது தீர்வாகாது. 504 என்று கைவிரித்தது முன்னால் நின்ற என்ஜின்எக்ஸ் மட்டுமே. பின்னால் பிஎச்பி தன் வேலையைத் தொடர்ந்துகொண்டுதான் இருந்தது, ஆகவேதான் இரட்டை ரசீது. பொத்தானை அழுத்தியதும் பணியை வரிசையில் சேர்த்து, பணி எண்ணுடன் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்னும் 202 மறுமொழியை உடனே அனுப்பிவிடுங்கள். பின்னணியில் தனியாக ஓடும் வொர்க்கர் நிரல் ரசீதுகளைச் செய்யட்டும். புள்ளியையும் ஆண்டையும் சேர்த்து, ஒரே பதிவு இருமுறை வருவதைத் தடுக்கும் யூனிக் கீ வைத்தால் இரண்டாம் ரசீது விழவே விழாது. உலாவி திரும்பத் திரும்பக் கேட்காமலே சர்வர் செய்தி அனுப்பும் சர்வர்-சென்ட் ஈவன்ட்ஸும் பயன்படும், ஆனால் என்ஜின்எக்ஸின் பஃபரிங்கை (விடையைச் சேர்த்துவைத்து அனுப்புவதை) நிறுத்தாவிட்டால் செய்திகள் இடையில் தேங்கிவிடும். ஒருவர் பார்க்கும் பக்கத்துக்கு இப்போதுள்ள முறையே போதும்.

மறுமொழி 3 (ஆத்தங்குடி)
விழுக்காட்டைவிட ‘1,800-இல் 1,240’ என்று காட்டுங்கள். கணக்கு எழுதிப் பழகியவர் அதைத்தான் நம்புவார். சிலர் பட்டையைக் கடிகாரத்தைக் கொண்டு நகர்த்தி 90-இல் நிறுத்திவைக்கிறார்கள். வராத தொகையை வரவில் வைப்பதற்கு ஒப்பான செயல் அது. ரசீது ஓர் எண்ணிக்கை, மின்னஞ்சல் வேறோர் எண்ணிக்கை. இரண்டையும் தனித்தனியே காட்டுங்கள். காத்திருப்பு 10 விநாடியைக் கடந்தால் பயனரின் கவனம் வேறு வேலைக்குத் திரும்பிவிடும் என்று பயன்பாட்டெளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993-இலேயே எழுதினார். எனவே பணி எண்ணைப் பக்கத்தின் முகவரியிலேயே வையுங்கள். ஐயா பக்கத்தை மூடிவிட்டுப் பிறகு திறந்தாலும் அதே நிலை தெரிய வேண்டும்.

கேட்டவர் (காரைக்குடி)
மூவருக்கும் நன்றி. கோரிக்கைகள் காத்துக்கிடந்தன, பூட்டை விடுவித்தபின் விடை உடனே வந்தது, ஆனால் அப்போதும் 0. ஆக, இரண்டு தவறுகளும் என்னிடம் இருந்திருக்கின்றன. 50-க்கு ஒரு கமிட் வைத்ததும் எண் நகரத் தொடங்கியது. யூனிக் கீயை இன்றே சேர்த்துவிட்டேன். வொர்க்கரை அடுத்த வசூலுக்கு முன் எழுதி முடிப்பேன்.