அவசர சிகிச்சைப் பிரிவுக்கு முறை வைத்து வரும் முதுநிலை மருத்துவர்களுக்கு எப்படிப் பயிற்சி அளிக்கலாம்?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் முதுநிலை மாணவர்களின் பயிற்சிப் பொறுப்பு இவ்வாண்டு என்னிடம் வந்திருக்கிறது. அவசர மருத்துவம் 2009ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தனித்துறையாக ஏற்கப்பட்டுவிட்டது என்றாலும், எங்கள் கல்லூரியில் அதற்கு எம்.டி. இடங்கள் இன்னும் இல்லை. ஆகவே பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, எலும்பு மருத்துவம் ஆகிய துறைகளின் மாணவர்களே இரவும் பகலும் முறை வைத்து, உயிராபத்தில் வருபவர்களுக்கான சிவப்புப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிமுறைகளின்படி, இதய உயிர்காப்புப் பயிற்சியை அனைவரும் முதலாண்டிலேயே முடித்தாக வேண்டும். எங்கள் மாணவர்களும் முடித்துச் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். ஆயினும், இதயம் நின்றுபோன ஒருவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும்போது, நால்வர் நெஞ்சருகே கூடிவிடுகிறார்கள். நேரத்தைக் குறிக்க ஒருவரும் இருப்பதில்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்று தேர்வில் பிழையின்றி எழுதியவரே, மானிட்டரைப் பார்க்கும் அவசரத்தில் அழுத்துவதை நிறுத்திவிடுகிறார். பயிற்சிக்கென்று வாரத்தில் ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும். அதில் எதை, எங்கே, யாரைக் கொண்டு கற்பிக்கலாம்?

சிவப்புப் பகுதி

வணக்கம் ஐயா. அவசர மருத்துவத்தில் எம்.டி. முடித்து, வேறொரு மாவட்டத்தில் அதே துறையில் பணிபுரிகிறேன். உயிர்காப்புப் பயிற்சியில் பெற்ற திறன் சில மாதங்களிலேயே தேயத் தொடங்கிவிடும் என்பது பலமுறை ஆய்ந்து அறியப்பட்டது. ஆகவே உங்கள் மாணவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த ஒரு மணி நேரத்தை வகுப்பறையில் செலவிடாமல், 15 நிமிடப் பயிற்சிகள் நான்காகப் பிரித்து, பணி மாறும் வேளையில், சிவப்புப் பகுதியிலேயே காலியாக இருக்கும் ஒரு படுக்கையில், அன்று பணியில் உள்ள குழுவையே வைத்து நடத்துங்கள். பயிலரங்கில், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் எப்போதும் சார்ஜ் ஏறித் தயாராக இருக்கும். உங்கள் வார்டில் அதற்குத் தடவும் ஜெல் எந்த இழுப்பறையில் கிடக்கிறது என்பதை அங்கேயே தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் மாதம் முழுவதும் ஒரே பாடம் போதும்: நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக்கொள்வது. தலைமை ஏற்பவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவரே ஊசி குத்தக் குனிந்துவிட்டால் அந்த அறையில் தலைமை இல்லை. "யாராவது அட்ரினலின் போடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். போட்டவர், "ஒரு மில்லிகிராம் அட்ரினலின் போட்டாயிற்று" என்று உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் சில முறை எல்லோருக்கும் கூச்சமாக, நாடகம் போலத்தான் இருக்கும். பிறகு பழகிவிடும்.

அடுத்து, உங்கள் வாசலுக்கு எது வருகிறதோ அதைக் கற்பியுங்கள். இன்று உலகெங்கும் நடத்தப்படும் விபத்துக்கால உயிர்காப்புப் பயிற்சிகூட, 1976இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் குடும்பத்தோடு விமான விபத்தில் சிக்கிய ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர், அங்கிருந்த சிற்றூர் மருத்துவமனையில் கண்ட குறைகளைத் தீர்ப்பதற்காகத் தொடங்கியதுதான். நமக்கு வருவது வேறு. பூச்சிமருந்து குடித்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முறிமருந்தான அட்ரோபினை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 0.6 மி.கி. ஆம்ப்யூலில் (உடைத்துத் திறக்கும் சிறு மருந்துக் குப்பி) தொடங்கினால் முதலில் 3, பிறகு 6, பிறகு 12, பிறகு 24 என்று கால் மணி நேரத்தில் 45 ஆம்ப்யூல்களை உடைத்து ஏற்ற வேண்டியிருக்கும் என்பதை ஒருமுறை செய்து பார்த்தவருக்கே அந்த வேலையின் அளவு புரியும். உடைப்பதற்கென்றே ஒருவரை ஒதுக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதும் பாடமே. நெஞ்சில் நீர்க்கோத்த சத்தம் நீங்கி, அக்குள் வியர்வை வற்றி, இதயத் துடிப்பும் மேல் இரத்த அழுத்தமும் 80க்கு மேல் வந்திருக்கிறதா என்று பார்க்காமல், கண்பாவை விரிந்துவிட்டது என்பதை மட்டும் நம்பி நிறுத்துபவர்கள் பலர்.

பாம்புக்கடிக்கும் அப்படியே. தரையில் படுத்துறங்கி, விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருபவரின் உடலில் கடிவாய் தெரியாவிட்டாலும், இமை சரிந்திருந்தால் கட்டுவிரியனை நினைக்க வேண்டும். இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனைக்கு உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாய்தான் வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் செய்த சோதனையை நம்ப முடியாது.

மயக்கவியல்

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் மூச்சுக்குழாயில் குழல் செலுத்துவதை வார்டுப் பயிற்சியாலோ பொம்மையாலோ மட்டும் கற்பித்துவிட முடியாது. பொம்மைக்கு எச்சில் ஊறுவதில்லை, வாந்தி வருவதில்லை, ஆக்சிஜன் அளவு சரிவதும் இல்லை. ஒவ்வொரு மாணவரையும் அவசரப் பிரிவுப் பணிக்கு முன்பாக இரண்டு வாரம் காலை வேளைகளில் எங்கள் அறுவை அரங்குக்கு அனுப்பிவையுங்கள். அங்கே அவர்கள் முதலில் கற்க வேண்டியது, முகமூடியை இறுகப் பொருத்தி ஆம்பு பையால் (கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் பை) மூச்சுக் கொடுப்பது. அதைச் செய்யத் தெரிந்தவர் குழல் உள்ளே போகாவிட்டாலும் நோயாளியைக் காப்பாற்றி வைத்திருப்பார். மூன்றாம் முறை, நான்காம் முறை என்று தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்போடு மல்லுக்கட்டமாட்டார்.

இன்னொன்று: பூச்சிமருந்து குடித்தவருக்குக் குழல் செலுத்தும்போது, தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலினைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அதைச் சிதைக்கும் நொதியையே அந்த நஞ்சு முடக்கிவிடுவதால், சில நிமிடங்களில் நீங்க வேண்டிய தசைச் செயலிழப்பு மணிக்கணக்கில் நீளும்.

இரவுப்பணி

ஐயா, வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு முதுநிலை மாணவன். இங்கே பேசப்படுபவை அனைத்தும் பயனுள்ளவை. ஆனால் பணி நேரத்தைத் தொடாமல் பயிற்சியைப் பற்றி மட்டும் பேசுவது அரைகுறையாகப் படுகிறது. எங்களைப் போன்ற உறைவிட மருத்துவர்களுக்கு ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மிகாமல், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 1992ஆம் ஆண்டு மத்திய அரசின் வழிகாட்டுதல். 2024இல் மருத்துவ ஆணையத்தின் பணிக்குழுவே 74 மணி நேரம் என்ற உச்சவரம்பைத்தான் பரிந்துரைத்தது. இரவு முழுதும் விழித்தவரைக் காலை எட்டு மணிக்கு நிறுத்திவைத்து 15 நிமிடம் பயிற்சி கொடுத்தால் அவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். பணி முடித்துச் செல்பவர்களை விட்டுவிட்டு, பணியேற்க வருபவர்களுக்கே நடத்துங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு யாரை அழைக்கலாம், அழைத்தால் திட்டு விழாது என்பதையும் எழுத்தில் ஒட்டிவையுங்கள். எங்களில் பலர் தாமதிப்பது தெரியாததால் அன்று, அழைக்கத் தயங்குவதால்.

தலைமைச் செவிலியர்

மருத்துவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறிவிடுவார்கள். செவிலியர்கள் அங்கேயே இருப்போம். ஆகவே பயிற்சியில் எங்களையும் சேருங்கள் என்று கேட்பதைவிட, மருந்து வண்டியை எங்களைக் கொண்டே நடத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வண்டியின் எந்தத் தட்டில் எது என்பதைப் புதிதாக வரும் ஒவ்வொருவரும் முதல் நாளே கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் காட்ட வேண்டும் என்ற வழக்கத்தை எங்கள் பிரிவில் வைத்திருக்கிறோம். நேரத்தைக் குறிப்பதும் எங்கள் வேலை: சுவரில் ஒரு கடிகாரம், அதன் கீழே ஒரு வெள்ளைப் பலகை. "இரண்டு நிமிடம் ஆயிற்று, ஆளை மாற்றுங்கள்" என்று செவிலியர் சொன்னால் எந்த மருத்துவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. தம்பி இரவுப்பணி சொன்னது நியாயம். பணியேற்க வருபவர்களுக்கே நடத்துகிறேன். அழைக்க வேண்டியவர்களின் பட்டியலைத் துறைத் தலைவர்களிடம் கையெழுத்து வாங்கிச் சுவரில் ஒட்டிவிடுகிறேன். அறுவை அரங்குக்கு இரண்டு வாரம் அனுப்புவதற்குத்தான் எங்கள் துறையிலேயே எதிர்ப்பு வரும், வார்டில் ஆள் குறைந்துவிடும் என்பார்கள். சிஸ்டர், நேரம் குறிக்கும் பொறுப்பை இரவில் இருவர் மட்டும் பணியில் இருக்கும்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தலைமைச் செவிலியர்

ஐயா, இரவில் அந்த வேலையைப் பயிற்சி மருத்துவரிடம் கொடுத்துவிடுகிறோம். ஹவுஸ் சர்ஜன் ஒருவர் எப்படியும் அங்கே இருப்பார். நெஞ்சை அழுத்தும் முறை வரும்வரை பேனாவும் பலகையும் அவர் கையில்தான்.