பித்தளையில் 0.5 மி.மீ. ஓட்டை: பிட் உடைந்துகொண்டே இருக்கிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் 3018 சிஎன்சி (கணினிக் கட்டளைப்படி வெட்டும் சின்ன மெஷின்) வைத்திருக்கிறேன். மாடல் நீராவி இஞ்சினின் பர்னருக்கு, 2 மி.மீ. பித்தளைத் தகட்டில் 0.5 மி.மீ. ஓட்டை 24 போட வேண்டும். பிசிபியில் (மின்சுற்றுப் பலகையில்) ஓட்டை போடும் கார்பைடு பிட்தான். ஏழாவது ஓட்டை வருவதற்குள் மூன்று பிட் உடைந்து போய்விட்டது.

ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் பாகம்) 10,000 ஆர்பிஎம். இந்த விட்டத்துக்கு வெட்டு வேகம் நிமிடத்துக்கு 16 மீட்டர்கூட வராது. ஃபீட் (பிட் இறங்கும் வேகம்) நிமிடத்துக்கு 40 மி.மீ., பெக் (ஒவ்வொரு தடவையும் இறங்கி எடுக்கும் ஆழம்) 0.1 மி.மீ. (மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருள், பெக் போடும் ஜி83 கட்டளையை ஏற்காது, அதனால் ஒவ்வொரு பெக்கையும் ஜி0, ஜி1 நகர்வு வரிகளாகவே கொடுக்கிறேன்.)

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நுனி தகட்டைத் தொட்டதும் ஒரு பக்கம் வழுக்கி, பிறை மாதிரி ஒரு கீறல் போட்டுவிட்டுத்தான் இறங்குகிறது. டயல் கேஜில் 0.04 மி.மீ. ஆட்டம் காட்டுகிறது. கார்பைடு வளைந்து கொடுக்காதே, ஒடிந்துவிடுகிறது.

கோலெட்டை (பிட்டைப் பிடிக்கும் பாகம்) மாற்றினால் போதுமா, ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டுமா? முதலில் வி-பிட்டால் (கூர்நுனி பிட்) சின்னப் புள்ளி குத்திக்கொள்வது யாருக்காவது பலன் தந்ததா? இதற்கு ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிட் தேவலையா? இதே மெஷினில் செய்தவர்கள் உங்கள் ஃபீட், பெக் அளவுகளைச் சொன்னால் பெரிய உதவி. மிச்சம் இரண்டு பிட்தான் இருக்கிறது.