பான்டூன் படகில் மோட்டார்: சட்டம் தாங்குமா?

என்னுடையது 9 அடி காற்றடைத்த பான்டூன்: இரண்டு பக்கமும் காற்று டியூப், அவற்றை இணைக்கும் இரும்புக் குழாய்ச் சட்டம். மோட்டார் 12 வோல்ட், 30 பவுண்டு உந்துவிசை. முழு வேகத்தில் ஏறக்குறைய 30 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 50 ஆம்பியர் பிரேக்கர் (மின்னோட்டம் மிஞ்சினால் துண்டிக்கும்), 16 சதுர மி.மீ. செம்பு வயர். மெலிந்த வயர் சூடாகும், வேகமும் குறையும்.

சிக்கல் இரண்டு. மோட்டாரைப் பொருத்த 18 மி.மீ. மரைன் பிளைவுட் (நீர் தாங்கும் ஒட்டுப்பலகை) ஒன்றை யூ-போல்ட்டால் உருண்டைக் குழாயில் இறுக்கினால், ரிவர்ஸ் போடும்போது பலகை சுழன்று ப்ரொப்பெல்லர் காற்று டியூபைக் கிழித்துவிடுமே! குழாயைத் துளைத்துப் போல்ட் போடலாமா, இல்லை குறுக்குத் தாங்கி வெல்டிங் செய்வதுதான் சரியா?

அடுத்தது பாரம். 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி கிட்டத்தட்ட 30 கிலோ. பின்னால் வைத்தால் மூக்கு தூக்கும். முன்னால் வைத்தால் வயர் நீளும். 12 கிலோ லித்தியத்துக்கு விலை யானைவிலை. இதே அளவுப் படகில் பொருத்தியவர்கள் பேட்டரியை எங்கே கட்டினீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.