புதுப்பிப்பு: பி.எம்.இ.ஜி.பி. மானியம் கைக்கு எப்போது வரும்?

புதிதாகத் தொழில் தொடங்க வங்கிக் கடனோடு அரசு மானியமும் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துக்கு (பி.எம்.இ.ஜி.பி.) விண்ணப்பிக்கும் முறையை முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அதில் மானியக் கணக்கை விளக்காமல் விட்டது தவறு. கேள்விகளில் பாதி அதைப் பற்றியே.

2022 திருத்தத்தின்படி திட்ட மதிப்பு உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை. ஊராட்சிப் பகுதியில் ஒரு பெண் 10 லட்சத்தில் செக்கு எண்ணெய் ஆலை போடுகிறார் என்று வையுங்கள். சொந்தப் பணம் 5%, அதாவது 50,000. வங்கிக் கடன் 9.5 லட்சம். மானியம் 35%, 3.5 லட்சம். அது கைக்கு வராது. அவர் பெயரில் வங்கியிலேயே 3 ஆண்டு வைப்பாக இருக்கும். அதற்கு வட்டி கிடையாது, கடனில் அந்த அளவுக்கு வட்டி போடவும் கூடாது. ஆக வட்டி 6 லட்சத்துக்குத்தான். கணக்கு அறிக்கையில் இதைக் கட்டாயம் சரிபாருங்கள்.

அதே ஆலை நகராட்சி எல்லைக்குள் என்றால் மானியம் 25% தான். இடத்தை முடிவு செய்யும் முன்பே எல்லையைப் பாருங்கள்.

நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. புதுத் தொழிலுக்கான இந்த மானியம் ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்குக் கிடையாது.

பலர் கவனிக்காதது நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் நடத்தத் தேவைப்படும் பணம். திட்ட மதிப்பை உயர்த்த அதைக் கூட்டிப் போட்டுவிட்டு, பிறகு எடுக்காமல் விடுகிறார்கள். 3 ஆண்டுக்குள் ஒருமுறையாவது, இதற்காக வங்கி அனுமதித்த முழு வரம்பையும் தொட வேண்டும். சராசரிப் பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்த விகிதத்தில் மானியம் திரும்பப் போய்விடும். தேவையான அளவுக்கு மட்டும் கேளுங்கள்.