சிப் அம்ப் கட்டினவர்கள் வாருங்கள்: பவர் சப்ளையிடம் வாங்கிய அடி

உவர்மலையான்:
மூன்று வாரமாகிறது, இன்னும் மண்டைக்குள் நிற்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். எல்எம்3886 ஐசி இரண்டு, ஸ்டீரியோ (முழு அம்ப்ளிபயரும் ஒரே சிப்புக்குள், அதுதான் சிப் அம்ப்). போர்ட் ஒழுங்கு, ஐசி ஹீட்சிங்கில் நேரே தொடாமல் நடுவில் மைக்கா வைத்தேன், மியூட் கால் வரை பார்த்தேன். ட்ரான்ஸ்போமர் மட்டும் கையில் கிடந்த 30-0-30, நடு வயரிலிருந்து இரண்டு பக்கமும் 30 வோல்ட் ஏசி. சும்மா கிடைத்தது, அதுதான் வினை. டிசியாக்கினால் எவ்வளவு வரும் என்று 30ஐ 1.41ஆல் பெருக்கினால் 42, டயோட்டில் ஒன்று போனால் 41, இரண்டு பக்கமும் சேர்த்து 82, டேட்டாஷீட்டில் 84 வரை போட்டிருக்கிறதே, இரண்டு வோல்ட் மிச்சம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இரவு பதினொன்றரைக்கு மீட்டர் வைத்தால் பக்கத்துக்கு 44, சேர்த்து 88. லோட் இல்லாத ட்ரான்ஸ்போமர் கூடத்தான் காட்டும், அந்நேரம் லைனும் 230இல் நிற்கவில்லை, 240ஐத் தாண்டியிருந்தது.

பாட்டுப் போடாமல் பத்து நிமிடம் விட்டேன், ஐசி குளிர்ந்துதான் கிடந்தது. (சிக்னல் இல்லாவிட்டால் 94 வரை தாங்குமாம், பிறகுதான் வாசித்தேன்.) சரி என்று போனைக் கொளுவினேன். நாதஸ்வரம் இரண்டு வினாடி, அப்புறம் ஒரு 'டொக்'. இடப்பக்க ஸ்பீக்கரின் கோன் முன்னுக்குத் தள்ளி வந்து அப்படியே நின்றது, திரும்பிப் போகவில்லை. நான் சுவிட்சைத் தடவிப் பிடிப்பதற்குள் கொயில் மணக்கத் தொடங்கிவிட்டது. அது அப்பாவின் ஸ்பீக்கர் பெட்டி. உள்ளறையிலிருந்து "என்ன தம்பி மணக்குது?" என்றார். சாம்பிராணி என்று சொன்னேன். பதினொன்றரைக்கு.

கிண்ணியா பொடியன்:
அண்ணா ட்ரான்ஸ்போமரைக் கட்டிக்கொண்டு அழட்டும், நான் அந்தப் பாரமே வேண்டாம் என்றவன். எல்எம்1875 ஐசி, இரண்டு லெப்டொப் சார்ஜர், ஆளுக்கு 19 வோல்ட். ஒன்றின் பிளஸ்ஸை மற்றதின் மைனஸில் கட்டினால் நடுவில் பூச்சியம், இந்தப் பக்கம் +19, அந்தப் பக்கம் −19. கொப்பியில் கீறும்போது வடிவாகத்தான் இருந்தது. பிளக்கில் போட்டதும் ஒரு சார்ஜரின் பச்சை லைட் எரிந்து அணைந்து எரிந்து அணைந்து, உள்ளே பல்லி மாதிரி டிக் டிக் டிக். போர்டைக் கழற்றினேன், டிக் டிக். புது வயர் போட்டேன், டிக் டிக்.

காக்கா (அண்ணன்) வந்தார். ஒன்றும் கதைக்கவில்லை, மீட்டரின் ஒரு முனையை மூன்று முள் பிளக்கின் ஏர்த் முள்ளிலும் மற்றதை டிசி முனையின் வெளி வளையத்திலும் வைத்தார். பீப். மற்ற சார்ஜரிலும் பீப். மைனஸ் இரண்டும் ஏர்த்தில் பிடித்திருக்கிறது, நான் தொடராகக் கட்டியதும் சுவரின் ஏர்த் வழியாக ஒரு சார்ஜரைப் பச்சையாக ஷார்ட் பண்ணியிருக்கிறேன். அதற்குள் பாதுகாப்பு இருந்தபடியால் பிழைத்தது. பிறகு இரண்டு முள் சார்ஜர்கள் தேடிப் போட்டேன், இப்போது பாடுகிறது. ஆனால் வீட்டில் பல்லி சொன்னாலும் எழும்பிப் போய் லைட்டைப் பார்க்கிறேன்.

பாலையூற்று:
என் கதை சின்னது. முதன்முதல் கட்டிய டீடீஏ2030 ஐசியின் முதுகைப் பெட்டித் தகரத்தோடு நேரே இறுக்கினேன், முதுகு மைனஸ் சப்ளை என்று தெரியாது. பியூஸ் போனதோடு விட்டது.

ஆனால் தம்பிமாரே, நீங்கள் இருவரும் செய்தது அதைவிட மோசம். முதலாமவர் 82ஐ 84க்குள் அடக்கப் பார்த்தார், அது கணக்கில்லை, சூது. ஸ்பீக்கர் 8 ஓமா, 24-0-24 எடுங்கள், பக்கத்துக்கு 32 வோல்ட் அளவில் வரும். 4 ஓமா, 18-0-18, 24 வோல்ட் வரும், அதற்கு மேல் போனால் சிப் சூடாகித் தன்னையே அடிக்கடி நிறுத்திக்கொள்ளும். ஸ்டீரியோவுக்கு ட்ரான்ஸ்போமரின் சக்தி 160, 200 விஏ போதும். (பள்ளிக்கூடத்தில் நிலைமாற்றி, கொள்ளளவி என்றெல்லாம் படித்தோம். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் போய் ஒரு நிலைமாற்றி தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.) கெப்பாசிட்டர் பக்கத்துக்கு 10000 மைக்ரோஃபராட், 50 வோல்ட். முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பை ட்ரான்ஸ்போமருக்குப் போகும் மெயின் வயரில் தொடராகப் போடுங்கள், மின்னி மங்கினால் நல்லது, பளிச்சென்று நின்றால் எங்கோ ஷார்ட், உடனே கழற்றுங்கள். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. குண்டு பல்ப் கிடைக்காவிட்டால் கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களிடம் கேளுங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் டிசி வந்தால் (கோன் தள்ளி நின்றது அதனால்தான்) வெட்டிவிடும் ரிலே போர்ட் ஒன்று கட்டாயம், அது இருந்திருந்தால் அப்பாவின் பெட்டி இன்றைக்கும் பாடும். இரண்டாமவர் சார்ஜரைத் தூக்கி எறிய வேண்டும், அதில் பேஸ் வராது.

கிண்ணியா பொடியன்:
பேஸ் வருகிறது அண்ணை. வந்து கேளுங்கள், இறால் பொரித்து வைக்கிறேன்.

திருக்கடலூர்:
10000 பற்றிக் கதைக்க வேண்டும். எனக்கும் ஒருவர் அப்படித்தான் சொன்னார். 4700 இருந்த இடத்தில் 10000 போட்டேன், 'ம்ம்ம்' என்ற இரைச்சல் குறையவில்லை, கூடியது. பெரிய கெப்பாசிட்டர் கரண்டைச் சின்ன நேரத்தில் மடமடவென்று இழுக்கும், அந்த இழுப்பு கிரவுண்ட் வயரில் ஓடும், என் இன்புட் கிரவுண்டையோ நான் சரியாக அந்த இரண்டு கெப்பாசிட்டருக்கும் நடுவில் பற்றவைத்திருக்கிறேன். உப்புக் காற்றில் பியூஸ் ஹோல்டர் பச்சை பிடித்திருந்தது, அதுதான் காரணம் என்று ஒரு கிழமை அதைச் சுரண்டினேன், ஆர்சிஏ வயர் மாற்றினேன், எல்லாம் வீண். கடைசியில் அந்த ஒரு வயரைக் கழற்றி, இரண்டு அங்குலம் தள்ளி, ஸ்பீக்கர் கிரவுண்டும் மற்றதும் வந்து சேரும் அந்த ஒரே புள்ளியில் வைத்தேன். சுவிட்ச் போட்டால் சத்தமே இல்லை. அம்ப் செத்துவிட்டது என்று நினைத்து மீட்டரை எடுத்துக்கொண்டு குனிந்தேன், வொலியூம் முழுக்கத் திருகிக் கிடந்ததைக் கவனிக்கவில்லை, போனில் யாரோ அழைத்தார்கள். அந்த ரிங்டோனுக்குப் பக்கத்து வீட்டு நாய் இன்னும் என்னைக் கண்டால் குரைக்கிறது.

உவர்மலையான்:
பல்ப் யோசனைக்கு நன்றி அண்ணை, சூது என்றதற்கு இல்லை. அந்த 30-0-30 கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது, எறிய மனமில்லை. டீடீஏ7294 ஐசிக்குப் போடலாமா?

பாலையூற்று:
அது வேலை செய்யும் எல்லை பக்கத்துக்கு 40 வோல்ட் தம்பி, உமது மீட்டர் காட்டியது 44. முதலில் அப்பாவிடம் சாம்பிராணிக் கதையைச் சொல்லி முடியும்.