பாப்பாவின் கைப்பை

[குழு: நம் வீட்டு மனிதர்கள்]

பாப்பா, இரவு 8:42
படம் பாருங்கள். அண்ணன் கல்யாண வரவேற்புக்கு இந்தக் கைப்பைதான். 1,60,000 ரூபாய், 12 மாதத் தவணை, வட்டி கிடையாது. ஞாயிறு வரைதான் சலுகை.

ஆம்பூர் மாமா, 8:50
அம்மாடி, இது முழுத் தோல் இல்லை. எழுத்து அச்சிட்ட இந்த வகைப் பைகள் பெரும்பாலும் பூச்சுப் பூசிய கேன்வாஸ் துணி, கைப்பிடியும் ஓரமும்தான் தோல். இத்தனை வருஷம் தோல் வேலை பார்த்தவன் சொல்கிறேன். 2024-ல் இத்தாலியில் மிலான் நீதிமன்றம், விலை உயர்ந்த பைகள் விற்கும் டியோர் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஒரு கிளையை நீதிமன்ற மேற்பார்வையில் வைத்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பையைத் தைத்துக் கொடுத்தவருக்குக் கிடைத்தது 53 யூரோ என்று அந்த வழக்கில் வந்தது, தோல் விலை தனி. அந்த மேற்பார்வையை அப்புறம் விலக்கிவிட்டார்கள். ஆனால் அந்த 53 என் மனதை விட்டுப் போகவே இல்லை.

சித்தப்பா, 8:58
வட்டி கிடையாது என்பதை நம்பாதே. வட்டிக்குச் சமமான தொகையைக் கடைக்காரர் விலையில் கழிப்பார், வங்கி வட்டி போடத்தான் செய்யும், அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. ஒரு மாதம் கிரெடிட் கார்டு பாக்கி நின்றால் மாத வட்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறும்.

பாப்பா, 9:03
நான் சம்பாதிக்கிறேன், நான் கட்டுகிறேன். அத்தை வைர மூக்குத்தி எடுத்தபோது யாரும் இப்படிக் கணக்குக் கேட்கவில்லையே?

சித்தப்பா, 9:04
நகையை அவசரத்துக்கு அடகு வைக்கலாம் அம்மா.

நான், 9:11
சித்தப்பா, அவள் கேட்பது நியாயம். மண்டபத்தில் அடுத்தவர் கழுத்தைப் பார்த்து எத்தனை பவுன் என்று எண்ணுகிறோமே, அதுவும் இதே நோய்தான்.
பாப்பா, யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், எல்லாரும் படிக்கட்டும். என் பீரோ மேல்தட்டில் வெள்ளைத் துணி சுற்றி ஒரு பை இருக்கிறதே, 2019-ல் பெங்களூரில் வாங்கியது. அலுவலகத்தில் மூன்று பேர் அந்த மாதிரிப் பை வைத்திருந்தார்கள், மதியம் சாப்பிடும்போது அவற்றுக்குப் பக்கத்தில் என் பையை வைக்கக் கூசியது, ஒன்றரை லட்சம் கொடுத்தால் அந்தக் கூச்சம் போய்விடும் என்று நினைத்தேன். முதல் வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டாம் மாதம் அவர்களில் ஒருத்தி அதைவிட விலை கூடியதைக் கொண்டுவந்தாள், கூச்சம் திரும்ப வந்துவிட்டது, தவணை மட்டும் பத்து பாக்கி. மழை வந்தால் பையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு நான் நனைவேன். ரயிலில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்காமல் வந்திருக்கிறேன்.
அந்த வருஷம் நீங்கள் எல்லாரும் குற்றாலம் போனபோது லீவு கிடைக்கவில்லை என்றேன். லீவு இருந்தது, கையில் காசு இல்லை. அம்மா தன் காலால் அருவிவரை நடந்து வந்த கடைசி வருஷம் அது.

அண்ணி, 9:20
😔 இது நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1993-ல் அமெரிக்காவில் டிம் கேசர், ரிச்சர்ட் ரையன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இளைஞர்களிடம் ஆய்வு செய்தார்கள். மற்ற ஆசைகளைவிடப் பணத்தில் ஜெயிப்பதையே முதலில் வைத்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள்.

பாப்பா, 9:34
அக்கா, ஏன் அப்போதே என்னிடம் சொல்லவில்லை?

பாப்பா, 9:36
நிச்சயதார்த்தத்தில் ஒருவர் என் பையைத் தொட்டுப் பார்த்து, "தி.நகர் பிளாட்பாரத்தில் எடுத்ததா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். எனக்கு அன்றைக்கு இரவு தூக்கமே வரவில்லை.

ஆம்பூர் மாமா, 9:37
அந்தப் பையின் தையல் நல்ல தையல் அம்மா. நான் பார்த்தேன்.

நான், 9:38
இப்போது கூப்பிடுகிறேன், போனை எடு. சனிக்கிழமை வரும்போது என் பையைக் கொண்டுவருகிறேன், ஆசையாக இருந்தால் வரவேற்புக்கு அதையே வைத்துக்கொள். சாப்பிட உட்காரும்போது தரையிலேயே வை, கறை பட்டாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.